நன்னூல் சொன்ன முக்காலும் ஹோஷங்காபாத் பள்ளிகளும்

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். சங்கக் கட்டடத்தின் மாடியில், நாற்பது பிள்ளைகளுக்கு மேற்படாமல், ஒரு சிறு 'ஸ்டெம்' பள்ளி தொடங்க வேணும் என்பது யோசனை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்த சொல் இந்த ஸ்டெம். ஆசிரியர் பேச, பிள்ளை கேட்கிற பள்ளி அல்ல. பிள்ளை செய்ய, ஆசிரியர் துணை நிற்கிற பள்ளி என்றும் விளக்கினார்கள். கேட்க மகிழ்ச்சியாய் இருந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரமும் பேச்சு ரோபோ பெட்டி என்ன விலை, முப்பரிமாண அச்சு இயந்திரம் யார் நன்கொடை தருவார், பெயர்ப் பலகை எத்தனை அடி என்பதிலேயே போயிற்று. யார் அந்தப் பள்ளியை நடத்துவார், நடத்துகிறவர் காலையில் வந்து என்ன வேலை செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு விடை தேட நாம் அமெரிக்காவுக்கோ பின்லாந்துக்கோ போக வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இதே மத்தியப் பிரதேசத்தில், போபாலிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், முப்பது ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று அதற்குப் பெயர். 1972-இல் தொடங்கி 2002-இல் நிறுத்தப்பட்டது. ஹோஷங்காபாதுக்கு இன்று நர்மதாபுரம் என்று பெயர். அடியேன் அந்த ஊரிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளியுள்ள இட்டார்சியில் பாத்திரக் கடை வைத்திருந்தவன். கல்வித் துறையில் எனக்குப் பட்டம் ஏதும் கிடையாது. கண்டதையும், படித்ததையும், ஒருநாள் அந்தப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

பவணந்தியார் போட்ட கணக்கு

பள்ளி என்ற சொல் சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்தது என்பதும், அங்கே பாடம் சொல்லும் வழக்கத்தால் கல்விக்கூடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பதும் அறிஞர் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைவிட நமக்கு இங்கே வேண்டியது பவணந்தி முனிவர் போட்ட ஒரு கணக்கு. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் ஆதரவில் நன்னூல் செய்த சமண முனிவர் அவர். அந்நூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறார்.

கணக்கு இதுதான். ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் நன்றாகவே உள்வாங்கினாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்து விளக்கும்போதுதான் வந்து சேரும். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய இலக்கண நூல், ஆசிரியர் பேச்சுக்குக் கொடுத்த மதிப்பு கால் ரூபாய்தான்! நன்னூல் மாணவனை அடங்கி ஒடுங்கிக் கேட்கச் சொல்கிற நூலும்தான். அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் முக்கால் பங்கு கல்வி பிள்ளைகளின் வாயிலும் கையிலும் இருக்கிறது என்று அவர் எழுதி வைத்தது நிற்கிறது. இன்று நம் பள்ளிகள் முழுப் பணத்தையும் அந்தக் கால் பங்குக்கே செலவழிக்கின்றன. மீதி முக்காலுக்கு ஏற்பாடு செய்வதே தலைமையில் உள்ளவர் வேலை என்பது என் கருத்து. ஹோஷங்காபாதில் அதைத்தான் செய்தார்கள்.

பதினாறு பள்ளிகள்

திட்டத்தைத் தொடங்கியவை இரண்டு சிறு அமைப்புகள். ஒன்று, ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்துவர்கள் நிறுவிய நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, பன்கேடி வட்டாரத்தில் பலியா பிபரியா கிராமத்தில் இருந்த கிஷோர் பாரதி. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்த அனில் சத்கோபால் தொடங்கியது அது. இவர்கள் கட்டடம் கட்டவில்லை. மாநில அரசிடம் அனுமதி வாங்கி, இருக்கிற 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வகுப்பு வரை, அறிவியல் பாடத்தை மட்டும் மாற்றினார்கள்.

பேராசிரியர் யஷ்பால் முதலிய டாட்டா நிறுவன விஞ்ஞானிகள் தொடக்கத்திலேயே துணைக்கு வந்தார்கள். பிறகு தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்தார்கள். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும், இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, திட்டம் விரிந்தது. 1982-இல் இதை எடுத்து நடத்த ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது. நிறுத்தப்பட்ட காலத்தில் சுமார் ஆயிரம் பள்ளிகள் இதில் இருந்தன.

பெரிய விஞ்ஞானிகள் வந்தார்கள் என்றதும் அவர்கள் வந்து பாடம் நடத்தினார்கள் என்று எண்ண வேண்டாம். வகுப்பை நடத்தியவர் கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியர். பலர் கல்லூரியில் அறிவியல் படித்தவர்கள் இல்லை. விஞ்ஞானிகள் கோடை விடுமுறையில் அந்த ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யப் போகும் அதே பரிசோதனைகளைச் செய்தார்கள். தலைமை என்பது அங்கே முன்னால் நிற்பதாக இல்லை. பக்கத்தில் உட்காருவதாக இருந்தது.

வகுப்பறை எப்படி இருந்தது

பாடநூலுக்குப் 'பால் வைஞானிக்' என்று பெயர். குழந்தை விஞ்ஞானி என்று பொருள். அதைப் புரட்டினால் விடை இருக்காது. இதைச் செய், என்ன கண்டாய், ஏன் அப்படி என்று நினைக்கிறாய் என்ற கேள்விகள்தான் இருக்கும். பிள்ளைகள் நாலு நாலு பேராகக் குழு சேர்ந்து பரிசோதனை செய்வார்கள். கண்டதைத் தங்கள் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதுவார்கள். பிறகு எல்லாக் குழுவும் சொன்னதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வகுப்பே விவாதிக்கும். பவணந்தியார் சொன்ன உடன் கற்போர் கால் பங்கு இங்கே கிடைத்துவிடுகிறது.

ஒரு குழுவின் விடை மற்றதோடு பொருந்தாது. மேசையின் நீளத்தை நாலு குழு அளந்தால் நாலு அளவு வரும். சாதாரணப் பள்ளியில் மூன்று பேருக்குத் திட்டு விழும். இங்கே ஏன் வேறுபட்டது என்பதே அடுத்த பாடம். அளவுகோலின் நுனி தேய்ந்திருக்கலாம், கண்ணைச் சாய்த்துப் பார்த்திருக்கலாம், நூல் இழுபட்டிருக்கலாம். ஒரு பொருளை ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்து முடிவு கட்டாதே என்று எங்கள் சமயம் அநேகாந்தம் என்ற பெயரில் சொல்லும். எனக்கு அது வாயில் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் இருந்தது.

கருவிகள் மலிவானவை. அரசு கொடுத்த பெட்டியில் காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, சோதனைக் குழாய் போன்றவை இருந்தன. மற்றதெல்லாம் ஊரில் கிடைப்பது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் வெளியே ஓடிக் கருவேல முள்ளை ஒடித்துக்கொண்டு வந்தார்கள் என்ற கதை அங்கே பிரசித்தம். அதன்பின் ஊசி வாங்கும் செலவே இல்லாமல் போயிற்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா 1978-இல் தொழிற்சாலை வேலையில் விடுப்பு எடுத்து இங்கே வந்தார். வாரச் சந்தையில் கிடைக்கும் சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் செய்ய வழி கண்டார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டமும் ரயில் பாலமும் ஏன் முக்கோணமாய்க் கட்டப்படுகின்றன என்று ஐந்து பைசா செலவில் பிள்ளை தன் விரலாலேயே அறிந்துகொள்ளும். ஸ்டெம் என்பதில் உள்ள பொறியியல் இதுதானே? 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

என் தராசு பட்ட பாடு

1984 என்று நினைவு. பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என் கடைக்கு வந்தார். பிள்ளைகள் குச்சியும் நூலும் இரண்டு டப்பா மூடியும் வைத்துத் தராசு செய்திருக்கிறார்கள், ஒரு நல்ல கடைத் தராசோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், கொண்டு வர முடியுமா என்றார். பித்தளை விளக்கு, கிண்ணம் முதலிய சிறு சாமான் நிறுக்கும் என் சின்னத் தராசை எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போனேன்.

தராசைத் தொங்கவிட்டேன். வெறுந்தட்டில் முள் நேராக நின்றது. "இது சரியான தராசு" என்றேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சேட்ஜி, சரின்னு எப்படித் தெரியும்?"

"அதிகாரி பார்த்து முத்திரை போட்டிருக்காரும்மா, பாரு."

"முத்திரை தெரியுது. சரியா இருக்கிறது எப்படித் தெரியும்?"

நான் ஆசிரியரைப் பார்த்தேன். அந்தப் பெண்ணை உட்கார் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர், "எனக்கும் தெரியல. எப்படிப் பார்க்கலாம், சொல்லுங்க" என்று வகுப்பைக் கேட்டார்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. ஒரு பையன் வந்து இடது தட்டில் ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்தான், வலது தட்டில் எடைக்கல்லும் சில்லறைக் கல்லும் போட்டான். 204 கிராமில் முள் நேராயிற்று. பிறகு கிண்ணத்தை வலது தட்டுக்கும் கல்லை இடது தட்டுக்கும் மாற்றினான். முள் சாய்ந்துவிட்டது! கல்லைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 200 கிராமில் நேராயிற்று. ஒரே கிண்ணம், ஒரு பக்கம் 204, மறு பக்கம் 200.

விஷயம் இதுதான். தராசுக் கோலின் இரண்டு கைகளும் ஒரே நீளம் இருக்க வேண்டும். தேய்மானத்தால் ஒரு கை இம்மியளவு நீண்டாலும், அந்தப் பக்கத்துத் தட்டு கொஞ்சம் இலேசாக இருந்தால் வெறுந்தராசு நேராகவே நிற்கும். சாமான் ஏறினால்தான் பொய் சொல்லும். தட்டு மாற்றி நிறுத்தால் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். உண்மையான எடை இரண்டுக்கும் நடுவில் 202 கிராம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அன்று இரவு கடைக் கணக்கு நோட்டில் நெம்புகோல் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 201.99 வருகிறது. பிள்ளைகள் சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு குன்றிமணிகூட இல்லை.

ஆனால் அன்று இரவு நான் போட்ட கணக்கு அது ஒன்று மட்டும் இல்லை. கடையில நான் சாமானை வைப்பது எப்போதும் இடது தட்டில்தான். 202 கிராம் கிண்ணத்துக்கு 204 கிராமுக்கான பணம் வாங்கியிருக்கிறேன். கிலோவுக்குப் பத்து கிராம். எத்தனை நாளாக அப்படி என்று எனக்கே தெரியவில்லை. கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்களில் ஒன்றாகக் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் எங்கள் ஆகமங்கள் சொல்கின்றன. தினமும் அந்த விரதத்தைச் சொல்லிவிட்டுக் கடை திறந்தவன் நான். மனமறிந்து செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தட்டை ஒருமுறை மாற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லையே, அதற்கு என்ன சொல்ல? மறுநாளே வேறு தராசு வாங்கினேன். சின்னச் சாமான் கடனுக்கு வாங்கியவர்கள் பெயர் பேரேட்டில் இருந்ததால் அவர்களுக்கு மட்டும் திருப்ப முடிந்தது. ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது?

"தெரியல" என்று சொல்லும் ஆசிரியர்

அந்தப் பிள்ளைகளைவிட அந்த ஆசிரியரைப் பற்றித்தான் பிறகு அதிகம் யோசித்தேன். ஊர் வியாபாரி முன்னால், மாணவர் முன்னால், எனக்குத் தெரியல என்று சொல்ல ஓர் ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் தானாக வராது. அதை உண்டாக்கவும் காக்கவும் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது.

முதலாவது, கோடைப் பயிற்சி. ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் சுமார் மூன்று வாரம். பயிற்சியில் ஆசிரியர்களும் பிள்ளைகளைப் போல நாலு பேராய்ச் சேர்ந்து பரிசோதனை செய்து, தப்பாகச் செய்து, வாதாடினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரே "இதற்கு எனக்கு விடை தெரியாது, செய்து பார்ப்போம்" என்று சொல்வதை அவர்கள் கேட்டார்கள். மேலிருப்பவர் சொன்னால்தான் கீழிருப்பவருக்கு அந்த வார்த்தை வாயில் வரும்.

இரண்டாவது, மாதக் கூட்டம். அருகருகே உள்ள பள்ளிகளை ஒரு தொகுதியாக்கிச் 'சங்கம் கேந்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியில் சங்கம் என்றால் ஆறுகள் கூடுமிடம். நம் சங்கம் அறிஞர் கூடுமிடம். பெயர்ப் பொருத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி எந்தப் பரிசோதனை ஓடவில்லை, பிள்ளைகள் எந்தக் கேள்வியில் மடக்கினார்கள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை வைத்துப் பாடநூலே திருத்தப்பட்டது.

மூன்றாவது, பள்ளிக்குப் போய்ப் பார்த்தல். 'அனுவர்த்தன்' என்பார்கள். இன்ஸ்பெக்டர் வருவது போல வருவதில்லை. வகுப்பில் உட்கார்ந்து, ஒரு குழுவுக்குச் சோதனைக் குழாய் பிடித்துக் கொடுத்து, முடிந்ததும் ஆசிரியரோடு பேசிவிட்டுப் போவார்கள்.

நான்காவது எனக்கு மிகப் பிடித்தது. ஆசிரியருக்கும் தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் 'சவாலிராம்' என்ற பெயருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். சவால் என்றால் இந்தியில் கேள்வி. சவாலிராம் கற்பனைப் பாத்திரம். ஆனால் பதில் உண்மையாகவே வந்தது. ஒரு கிராமத்துப் பிள்ளைக்குத் தன் பெயருக்குத் தபால் வருவது என்ன பெருமை என்று எண்ணிப் பாருங்கள்.

நன்னூல் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நாலு உவமை சொல்கிறது. நிறைகோல் என்றால் தராசு. எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பொருள் கொள்வார்கள். அன்றைக்கு அப்புறம் நான் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: தன்னையே தட்டு மாற்றிப் பார்க்க இடம் கொடுப்பவர். ஆகாத ஆசிரியருக்கு அதே நூல் சொல்லும் உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. குடத்தில் பஞ்சை அடைத்தால் அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். விடையை அடைத்து, விடையைப் பிடுங்கும் நம் தேர்வு முறை எனக்கு அந்தக் குடமாகத்தான் தோன்றுகிறது.

தேர்வை மாற்றினார்கள்

ஆகவே அவர்கள் தேர்வையும் விட்டுவைக்கவில்லை. பாடநூலையும் தன் நோட்டையும் பிள்ளை தேர்வு அறைக்குள் கொண்டு போகலாம். பார்த்து எழுத அதில் விடை கிடையாதே! எழுத்துத் தேர்வோடு, கையால் செய்து காட்டும் தேர்வும் உண்டு. எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்விலேயே இதற்கு அரசின் அனுமதி இருந்தது. வகுப்பில் ஒருவிதமாகக் கற்பித்துவிட்டுத் தேர்வில் வேறுவிதமாகக் கேட்டால், இரண்டே மாதத்தில் ஆசிரியரும் பிள்ளையும் தேர்வு கேட்கிற பக்கம் போய்விடுவார்கள். மளிகைக் கடைக்காரன் எதற்கு வாடிக்கையாளர் பணம் தருகிறாரோ அதைத்தான் அடுக்குவான். பள்ளியும் அப்படித்தான்.

ஏன் நின்றது

2002-இல் மாவட்டத் திட்டக் குழு பரிந்துரைத்து, மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. மாநிலம் முழுவதற்கும் உள்ள வழக்கமான பாடநூலே இங்கும் வர வேண்டும் என்றாயிற்று. விஞ்ஞானிகள் பலர் எதிர்த்து எழுதினார்கள். ஆசிரியர்களும் குரல் கொடுத்தார்கள். பயனில்லை. முப்பது ஆண்டு வேலை ஓர் உத்தரவில் முடிந்தது.

வெறும் அரசியல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கடைக்கு வந்த பெற்றோர் பலருக்கு இந்தத் திட்டம் புரியவில்லை. "எங்க பையன் பள்ளிக்கூடத்துல இலை பொறுக்கறான், நோட்டுல பதிலே இல்ல. ஒன்பதாவதுல என்ன பண்ணுவான்?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். எட்டாம் வகுப்போடு இந்த முறை நின்றுவிடும். ஒன்பதில் மறுபடியும் மனப்பாடம். என்னைப் போல வகுப்புக்குள் போய்ப் பார்த்தவர்கள் அதைக் காப்பாற்ற நினைத்தோம். பார்க்காதவர்கள் மிகப் பலர். உத்தரவு வந்தபோது கடைத்தெரு சும்மா இருந்தது. நானும் ஒரு கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர்களைப் பேணிய அளவுக்குப் பெற்றோரைப் பேண முடியவில்லை. ஆயிரம் பள்ளிக்கு விரிந்த பிறகு அது மலைப்பான வேலைதான். ஆனால் அது விட்டுப்போன இடம் என்பது என் எண்ணம்.

விதை அழியவில்லை. யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் தந்த 'சுமையில்லாக் கற்றல்' அறிக்கையிலும், அவரே வழிகாட்டுக் குழுத் தலைவராக இருந்து வந்த 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பிலும் இந்த வகைச் சிந்தனை இருக்கிறது. ஏகலவ்யா 1985-இல் தொடங்கிய குழந்தைகள் இதழான 'சக்மக்' நம் போபாலிலிருந்துதான் வருகிறது.

நம் சிறு பள்ளிக்கு

மத்திய அரசு 2016 முதல் அடல் டிங்கரிங் கூடங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல காரியம். நான் பார்த்த ஒரு பள்ளியில் அச்சு இயந்திரத்துக்கு உறை போட்டு, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமை ஆசிரியர் மேசைக்குள் வைத்திருந்தார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் தலைமை. ஆகவே பள்ளி நடத்த முன்வருவோருக்கு என் விண்ணப்பங்கள் சில.

கருவி அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். கண்ணாடி உடையும், ஒயர் கருகும். எந்தக் கடையிலும் தேய்மானத்துக்கு ஒரு கணக்கு எழுதுகிறோம் அல்லவா? பள்ளிக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள். உடைந்ததற்காக ஆசிரியரையோ பிள்ளையையோ கேள்வி கேட்க வேண்டாம்.

ரோபோ பெட்டி வாங்குவதற்கு முன் ஆசிரியரின் வாரத்தில் அரை நாளை வாங்குங்கள். சம்பளத்தோடு, வகுப்பில்லாமல், ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து அடுத்த வாரப் பரிசோதனையைச் செய்து பார்க்க அந்த நேரம். அந்தக் கூட்டத்தில் பள்ளித் தலைவரும் தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். தெரியல என்ற வார்த்தையை முதலில் அவர் சொல்ல வேண்டும்.

தேர்வைப் பாடத்துக்குப் பொருந்தச் செய்யுங்கள். நம் பள்ளியின் உள்தேர்வையாவது புத்தகம் திறந்து எழுதுவதாகவும், கையால் செய்து காட்டுவதாகவும் வைக்கலாம். ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அதற்கும் கொஞ்சம் பயிற்சி கொடுப்பது தப்பில்லை.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பெற்றோரை வரவழையுங்கள். ஆசிரியர் பேச வேண்டாம், தலைவர் பேச வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். பிள்ளைகள் அந்த மாதம் கண்டுபிடித்ததைத் தாய் தகப்பனுக்குச் செய்து காட்டி விளக்கட்டும். தகப்பன் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். பிறருக்கு விளக்கும்போதுதான் அரைப் பங்கு கல்வி வரும் என்று பவணந்தியார் சொன்னது அங்கே நடந்துவிடும். ஹோஷங்காபாதில் விட்டுப்போன இடமும் அதிலேயே அடைபடும். தன் பிள்ளை வாயால் கேட்ட தகப்பன், நாளைக்கு யாராவது இந்தப் பள்ளியை மூடு என்றால் சும்மா இருக்க மாட்டார். தமிழில் விளக்கட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வடக்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச ஒரு விஷயம் கிடைத்தது போலவும் இருக்கும்.

என் பங்காக ரொக்கம் தருவதோடு ஒரு பொருளும் தருகிறேன். அந்தப் பழைய சின்னத் தராசு இன்னும் என்னிடம் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் அதை எடைக்குப் போட மனம் வரவில்லை. பழுது பார்க்காமலேதான் வைத்திருக்கிறேன். வெறுந்தட்டில் இன்றும் முள் நேராக நிற்கும். பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.